கலர் அடிச்சா அனாலிசிஸ் ஆயிடுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் கொடுத்தாச்சா? இல்லை, இன்னும் சீனியரோட பழைய ரிப்போர்ட்டைத்தான் புரட்டிக்கிட்டு இருக்கீங்களா?

சிவில், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், ஆர்க்கிடெக்சர், பிளானிங், ஜியாகிரபி... இந்த டிபார்ட்மென்ட் லைப்ரரிகளில் எந்த அலமாரியைத் திறந்தாலும் ஒரு டைட்டில் கட்டாயம் கண்ணில் படும். 'ஜி.ஐ.எஸ். மூலம் கோடிட்ட இடம் பற்றிய ஆய்வு'. கோடிட்ட இடத்தில் வெள்ளம், நிலத்தடி நீர், குப்பைத்தொட்டி, டெங்கு, பஸ் ஸ்டாப் என்று எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். உள்ளே பத்துப் பன்னிரண்டு மேப். ஒவ்வொன்றிலும் வடக்கு காட்டும் அம்புக்குறி, ஸ்கேல், அப்புறம் பச்சை - மஞ்சள் - சிவப்பு. எக்ஸ்டர்னல் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா கலர்ஃபுல்லா இருக்கேப்பா!" என்பார். வைவா ஓவர்!

நானும் உங்களை மாதிரி இன்ஜினீயரிங் படிக்கிற ஆள்தான். அதனால் அட்வைஸ் மழை எல்லாம் பொழியப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன். மேப் சாஃப்ட்வேர் ரொம்ப நல்ல பிள்ளை. நாம் என்ன கேட்டாலும் வரைந்து தந்துவிடும். "நீ கேட்டதே தப்புப்பா" என்று மட்டும் வாயைத் திறக்காது. அதைச் சொல்ல வேண்டியது மேப்பில் இருக்கிற அந்தத் தெருதான். தெரு சொல்வதைக் கேட்க என்ன செய்யணும்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பணும்!

டாக்டர் போட்ட முதல் ரூட்

ஜி.ஐ.எஸ். வகுப்பில் முதல் நாளே ஒரு கதை சொல்வார்கள். 1854, லண்டன், ஸோஹோ பகுதி. காலராவில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இறந்தவர்களின் வீடுகளை மேப்பில் குறித்தார். எல்லாம் பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுற்றியே இருந்தன. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். ஊர் பிழைத்தது. சுபம்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது இந்த வரிசையில் இல்லை.

காலரா தண்ணீரில்தான் பரவுகிறது என்று ஸ்னோ 1849-லேயே எழுதிவிட்டார். கெட்ட காற்றில் வருகிறது என்றுதான் அப்போது பெரும்பாலோர் நம்பினார்கள். 1854 செப்டம்பர் 8-ம் தேதி கைப்பிடி கழற்றப்பட்டது. மக்கள் ஏற்கெனவே ஏரியாவைக் காலி செய்துகொண்டு ஓடியதால் சாவு எண்ணிக்கை அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. நாம் பாடத்தில் பார்க்கும் அந்தப் பிரபல மேப் வந்ததே அதற்கு அப்புறம்தான். ஆக, கேள்வி முதலில். நடை அடுத்தது. மேப் கடைசி.

நடை என்று சொன்னேன் இல்லையா, அதுதான் கதையின் ஹீரோ. இறந்தவர்களில் பத்துப் பேரின் வீடு வேறு பம்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. மேப்பை மட்டும் பார்ப்பவர், "அப்ப பிராட் ஸ்ட்ரீட் தியரி அவுட்" என்று கிளம்பிவிடுவார். ஸ்னோ அந்த வீட்டுக் கதவுகளைத் தட்டிக் கேட்டார். ஐந்து குடும்பங்கள், "எங்களுக்கு பிராட் ஸ்ட்ரீட் தண்ணிதான் பிடிக்கும், ஆளனுப்பி வாங்குவோம்" என்றன. இன்னும் மூன்று பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த குழந்தைகள்.

இதற்குத் தலைகீழான கேஸும் உண்டு. பம்புக்கு அருகிலேயே 535 பேர் தங்கியிருந்த ஓர் ஏழைகள் விடுதி. அதில் காலராவுக்குப் பலியானவர்கள் ஐந்தே பேர். காரணம், விடுதிக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவிலிருந்த பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவர்கூட சாகவில்லை. அவர்களுக்கு ஓசியில் பீர் கிடைத்தது. பம்புத் தண்ணீரை யார் சீந்துவார்கள்?

இந்தத் தகவல் எதுவும் மேப்பில் இல்லை. எல்லாம் வாசலில் நின்று கேட்டு வாங்கியவை.

இன்னொரு விஷயம், நம் ப்ராஜெக்ட்டுக்கு ரொம்ப முக்கியம். 1855-ல் வெளியான தன் இரண்டாவது மேப்பில் ஸ்னோ ஒரு புள்ளிக்கோடு சேர்த்தார். பிராட் ஸ்ட்ரீட் பம்புக்கும் மற்ற பம்புகளுக்கும் சம தூரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கிற கோடு. அந்தத் தூரத்தை அவர் ஸ்கேல் வைத்து நேராக அளக்கவில்லை. தெரு வழியாக, ஆள் நடக்கிற பாதையில் அளந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சென்னைக்கு வருவோம்.

வட்டத்துக்கு நீச்சல் தெரியும், நமக்கு?

'எங்க ஏரியாவில் எத்தனை வீடுகளுக்கு பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கு?' சிம்பிளான, அருமையான ப்ராஜெக்ட். செலவும் இல்லை. 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய க்யூ.ஜி.ஐ.எஸ். இன்றைக்கும் இலவசம். ரோடு டேட்டாவுக்கு 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. குயிக் ஓ.எஸ்.எம். என்கிற ப்ளக்-இன் போட்டால் உங்கள் ஏரியா ரோடும் பஸ் ஸ்டாப்பும் தனித்தனி லேயராக வந்து விழும். (உங்கள் லேபில் இன்னும் பழைய ஆர்க்மேப் ஓடுகிறதா? அதற்கு 2026 மார்ச் வரைதான் சப்போர்ட் என்று எஸ்ரி கம்பெனி அறிவித்திருந்தது. ஸோ, புதுசாகப் படிக்கிறவர்கள் அதில் டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.)

அடுத்து எல்லோரும் செய்வது, பஃபர். ஒவ்வொரு ஸ்டாப்பைச் சுற்றியும் 500 மீட்டர் வட்டம். வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு பஸ் வசதி உண்டு. வெளியே இருந்தால் இல்லை. இரண்டே கிளிக், வேலை முடிந்தது!

சரி, நடந்து பார்ப்போமா?

முதலில் ஒரு சின்ன கணக்கு. 500 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 0.785 சதுர கிலோமீட்டர். இப்போது செஸ் போர்டு மாதிரி குறுக்கும் நெடுக்கும் நெருக்கமாகத் தெரு போட்ட ஓர் ஊரைக் கற்பனை பண்ணுங்கள். அங்கே தெரு வழியாக 500 மீட்டருக்குள் நடந்து சேரக்கூடிய இடம் வட்டமாக வராது, டைமண்ட் மாதிரி வரும். அதன் பரப்பு 0.5 சதுர கிலோமீட்டர். அதாவது வட்டத்தில் 64 சதவிகிதம்தான். பாக்கி 36 சதவிகிதம்? மேப்பில் பச்சை, நிஜத்தில் 500 மீட்டருக்கு மேல் நடை! இது கச்சிதமாகத் திட்டம் போட்ட ஊருக்கு. நம் ஊரில் முட்டுச்சந்து இருக்கிறது, காம்பவுண்டு சுவர் இருக்கிறது, ரயில் தண்டவாளம் இருக்கிறது.

பக்கிங்ஹாம் கால்வாயும் இருக்கிறது. சேப்பாக்கத்திலிருந்து தெற்கே பறக்கும் ரயில் பல இடங்களில் இந்தக் கால்வாயை ஒட்டித்தான் போகிறது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஸ்டாப், அந்தப் பக்கம் வீடு என்றால் பஃபர் வட்டம் தண்ணீருக்கு மேலேயே ஜாலியாகப் போய்விடும். வட்டத்துக்கு நீச்சல் தெரியும். மளிகைப் பையோடு வரும் பாட்டி பாலம் வரை போய்த்தான் சுற்றிக்கொண்டு வரணும்.

இது வெறும் டெக்னிக்கல் சண்டை இல்லை மக்களே. 2021-ல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொண்டுவந்தார்கள். டிக்கெட் காசு ஒரு தடை என்றால், பஸ் ஸ்டாப் வரை நடக்கிற தூரம் இன்னொரு தடை. உங்கள் மேப் ஒரு தெருவைப் பச்சையில் காட்டினால், 'இங்கே வசதி இருக்கு, புதுசா ஸ்டாப் தேவையில்லை' என்று அர்த்தம். அந்தத் தெருவில் கைக்குழந்தையோடு தினமும் சுற்றி நடக்கிற பெண் உங்கள் ரிப்போர்ட்டில் காணாமல் போகிறார்.

சரி, இதுக்கு என்ன வழி? க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸிலேயே நெட்வொர்க் அனாலிசிஸ் என்ற பகுதியில் 'சர்வீஸ் ஏரியா' என்று ஒரு டூல் உண்டு. ஸ்டாப்பிலிருந்து ரோடு வழியாக 500 மீட்டருக்குள் போய்ச் சேரும் பாதைகளைக் கோடுகளாகத் தரும். ஸ்னோ கால் வலிக்க அளந்ததை இது சில நொடியில் அளந்துவிடும். அந்தக் கோடுகளை ஒட்டியிருக்கும் வீடுகளை எண்ணினால் போதும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, ஜாக்கிரதை. கோடாக இருப்பது அழகாக இல்லை என்று சிலர் 'கான்வெக்ஸ் ஹல்' போட்டு வெளி முனைகளை இணைத்து ஒரே கலரில் நிரப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நடுவில் ஒதுக்கிவைத்த கால்வாயும் மதிலுக்குப் பின்னால் இருக்கும் வீடும் மறுபடி உள்ளே வந்துவிடும். கஷ்டப்பட்டு வெளியே தள்ளிய தப்பைத் தாம்பூலம் வைத்து உள்ளே அழைத்த மாதிரி!

டிகிரியில் 500!

பஃபர் போடும்போது 500 என்று டைப் அடித்தால் இந்தியாவே மறைகிற மாதிரி ஒரு ராட்சச வட்டம் வந்து பயமுறுத்தும். லேபில் யாராவது ஒருவர் கண்டிப்பாக அலறுவார். பேய் எல்லாம் இல்லை. டேட்டா அட்சரேகை - தீர்க்கரேகையில், அதாவது டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். நீங்கள் கேட்டது 500 டிகிரி!

மீட்டரில் வேலை செய்யும் யு.டி.எம். அமைப்புக்கு லேயரை மாற்றணும். சென்னை, திருச்சி, சேலம் எல்லாம் 44 வடக்கு மண்டலம். க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸில் தேட வேண்டிய நம்பர் 32644. கோவை, நெல்லை, கன்னியாகுமரி 43 வடக்கு, நம்பர் 32643. இரண்டையும் பிரிப்பது 78-வது தீர்க்கரேகை. அது திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே புகுந்து போகிறது! திண்டுக்கல் 43, மதுரை 44. அந்தப் பக்கத்துக் கல்லூரி ஃப்ரெண்ட்ஸ், ப்ராஜெக்ட் முழுக்க ஒரே மண்டலத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாதி அது, பாதி இது என்று போட்டால் லேயர்கள் ஒன்றோடொன்று உட்காராது.

மேப்பில் இல்லாத சந்து

நெட்வொர்க் அனாலிசிஸ் பண்ணிட்டோம், இனி எல்லாம் சரி என்று சாய்ந்து உட்காராதீர்கள். இப்போது எதிர்ப்பக்கம் ஒரு தப்பு வரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நம்மைப் போன்றவர்கள் வரைந்தது. பெரிய ரோடு இருக்கும். ரெண்டு வீட்டுக்கு நடுவே சைக்கிள் மட்டும் நுழைகிற சந்து பல இடங்களில் இருக்காது. சாஃப்ட்வேர் சுற்றி வளைத்து 900 மீட்டர் என்னும். ஏரியாப் பையன், "அண்ணே, இப்படிக்கா பூந்தா ரெண்டு நிமிஷம்ணே" என்பான். அவன் சொல்வதுதான் கரெக்ட்.

அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் நாலு பேர் கிளம்புங்கள். க்யூஃபீல்ட் என்கிற ஆப்பில் உங்கள் மேப்பை மொபைலிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம். மேப்பில் இல்லாத சந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேப்பில் இருந்து, கேட் போட்டு மூடிய தெருவை எடுத்துவிடுங்கள். ஸ்டாப் என்று குறித்த இடத்தில் பஸ் நிஜமாகவே நிற்கிறதா, பத்தடி தள்ளி டீக்கடை வாசலில் நிற்கிறதா என்று பாருங்கள். திறந்தவெளியில் மொபைல் ஜி.பி.எஸ். சுமார் ஐந்து மீட்டர் வரை சரியாகச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அது சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பக்கத்தில் என்ன கடை என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே நின்று யோசிக்க வேண்டிய கேள்விகளும் உண்டு. தண்டவாளச் சுவரில் ஓர் ஓட்டை. ஊரே அதில் புகுந்துதான் ஸ்டேஷனுக்குப் போகிறது. அதைப் பாதை என்று எண்ணலாமா? எண்ணினால் ஆபத்தான வழியை வசதி என்று சொல்கிறோம். எண்ணாவிட்டால் நிஜத்தில் நடப்பதை மறைக்கிறோம். ரெண்டு விதமாகவும் கணக்குப் போட்டு ரெண்டையும் ரிப்போர்ட்டில் கொடுங்கள் என்பேன் நான். அந்த ரெண்டு விடைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் அங்கே ஒரு நடைமேம்பாலம் எவ்வளவு தேவை என்பதற்கான ஆதாரம்!

"ஏன் 500 மீட்டர்?" என்று எக்ஸ்டர்னல் கேட்பார். "எல்லாரும் அதான் சார் போடறாங்க" என்று மட்டும் சொல்லிடாதீங்க. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.2 பொதுப் போக்குவரத்து பற்றியது. பஸ் ஸ்டாப்புக்கு 500 மீட்டர், மெட்ரோ மாதிரி பெரிய சேவைக்கு ஒரு கிலோமீட்டர் என்பது அதை அளக்கிற கணக்கு. சரி, அந்த 500-ஐ நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் நாம் ஏழு நிமிடத்தில் கடப்போம். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் தாத்தாவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் மே மாதம், மதியம் ரெண்டு மணி, நிழல் இல்லாத ரோடு. அவருக்கு 300 மீட்டர் என்று இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஏரியாவுக்கு ரெண்டு மேப் கிடைக்கும். எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார், கியாரன்டி!

வீடு ஒண்ணு, குடும்பம் எத்தனை?

'இத்தனை வீடுகள்' என்று எண்ணுகிறோமே, எதை வைத்து? சாட்டிலைட் படத்திலிருந்து கட்டடங்களைத் தானாகப் பிரித்தெடுத்த இலவச டேட்டா இப்போது இருக்கிறது. கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் ஓர் உதாரணம். ஆனால் அதில் நாலு மாடி ஃபிளாட்டும் ஒரு கட்டடம், மூலையில் இருக்கும் பெட்டிக்கடையும் ஒரு கட்டடம். வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து சின்ன வீடுகள் மேலிருந்து பார்த்தால் ஒரே கூரையாகத் தெரியலாம். யாருடைய வீடு எண்ணிக்கையில் குறையும் என்று புரிகிறதா? ஸோ, நாலு தெருவிலாவது நேரில் எண்ணி, சாட்டிலைட் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வார்டு வாரியாகக் கலர் அடிக்கிறவர்களுக்கு ஒரு ஸ்பெஷல் எச்சரிக்கை. 2011-ல் சென்னை மாநகராட்சி விரிவடைந்தபோது பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 155 வார்டுகள் 200 ஆயின. பழைய டேட்டாவில் இருக்கும் வார்டு நம்பரையும் புதிய மேப்பில் இருக்கும் வார்டு நம்பரையும் 'ஜாயின்' பண்ணினால் சாஃப்ட்வேர் சந்தோஷமாகச் சேர்த்துவிடும். எர்ரரே வராது! ஆனால் ஓர் ஏரியாவின் ஜனத்தொகை இன்னோர் ஏரியாவின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். நம்பர் ஒன்றுதான், இடம் வேறு. எல்லையை எப்படி வெட்டுகிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும் என்பது இந்தத் துறையில் ரொம்பப் பழைய தலைவலி. 1934-லேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

வெள்ளம் எடுக்கப்போகும் நண்பர்களே...

2015 டிசம்பருக்கு அப்புறம் சென்னையில் வெள்ள ப்ராஜெக்ட் எடுக்காத பேட்ச் இருக்குமா என்பது சந்தேகம்தான். வழக்கமான ரெசிபி இதுதான்: உயரம், சரிவு, மழை, மண், ஆற்றிலிருந்து தூரம் என்று ஐந்தாறு லேயர் எடு. ஒவ்வொன்றுக்கும் வெயிட் கொடு. கூட்டு. சிவப்பு வந்தால் அபாயம்!

உயரத்துக்குப் பெரும்பாலும் எஸ்.ஆர்.டி.எம். டேட்டா எடுப்பார்கள். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரில் அளந்தது. மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் சூப்பரான டேட்டா. ஆனால் அதற்கு வைத்திருந்த இலக்கே, உயரத்தில் பிழை 16 மீட்டருக்குள் இருக்கணும் என்பதுதான். நிஜத்தில் அதைவிட நன்றாகவே வந்தது என்று வைத்துக்கொண்டாலும் சில மீட்டர் பிழை உண்டு. தவிர, அந்த ரேடார் மரத்தையும் மொட்டை மாடியையும் தரை என்று நினைத்துக்கொள்ளும். ஒரு பிக்சல் 30-க்கு 30 மீட்டர். சென்னையோ தட்டு மாதிரி தட்டையான ஊர். ஒரு தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, பக்கத்துத் தெரு காய்ந்து கிடக்கிறது என்றால், வித்தியாசம் அரையடி. மீட்டர் கணக்கில் பிழை இருக்கும் டேட்டாவில் அரையடியைத் தேடுவது, கோணிப்பை அளக்கிற தராசில் தங்கத்தை நிறுத்துப் பார்க்கிற மாதிரி.

வெயிட்டும் அப்படித்தான். தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏ.எச்.பி. முறையைப் போடுவோம். ஒவ்வொரு காரணியையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு மார்க் போடணும். அதை அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டு வாங்கணும். நம் ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு யார் அனுபவசாலி? நாமேதான்! கடைசியில் கன்சிஸ்டன்ஸி ரேஷியோ 0.1-க்குக் கீழே வந்தால் பார்ட்டி. அந்த நம்பர் சொல்வது என்ன தெரியுமா? நீங்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை என்பது மட்டும்தான். நீங்கள் பேசியது உண்மையா என்று அதற்குத் தெரியாது.

வேறென்ன செய்யலாம்? வெள்ளம் வந்த வீடுகளின் சுவரில் தண்ணீர்க் கறை எங்கே இருந்தது என்று குடியிருப்பவர்களுக்கு மறக்காது. "இதோ, இந்த ஸ்விட்ச் போர்டு வரைக்கும்" என்று கை வைத்துக் காட்டுவார்கள். டேப் எடுத்து அளங்கள். ஐம்பது வீட்டில் அளந்தால் உங்கள் சிவப்பு மேப் சரியா, தப்பா என்று சோதிக்க ஐம்பது உண்மைப் புள்ளிகள் கையில். சிவப்பில் இருந்தும் தண்ணீர் வராத வீடு ஏன்? பச்சையில் இருந்தும் மூழ்கிய வீடு ஏன்? புதிதாக உயர்த்திப் போட்ட ரோடா, அடைத்த கால்வாயா? அந்த 'ஏன்'தான் உங்கள் ப்ராஜெக்ட்டின் உயிர்.

2015 வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓர் ஆன்லைன் மேப் வந்தது. தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் கிளிக் பண்ணிக் குறிக்கலாம். அருமையான முயற்சி, பலருக்கு உதவியது. ஆனால் இந்த மாதிரி டேட்டாவை அனாலிசிஸுக்கு எடுக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். கரன்ட் போய், சார்ஜ் தீர்ந்து, டவர் இல்லாமல் மாடியில் நின்றவர் கிளிக் பண்ணியிருக்க முடியுமா? வெற்றாக இருக்கும் தெரு, தண்ணீர் வராத தெருவாகவும் இருக்கலாம். சொல்ல ஆளில்லாத தெருவாகவும் இருக்கலாம்.

சிவப்புக்குள் யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, கொஞ்சம் சீரியஸ். ஆற்றங்கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று பஃபர் போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் 'ஆக்கிரமிப்பு' என்று பெயர் வைக்கும் ப்ராஜெக்ட்டுகள் உண்டு. கோடு போட ஒரு கிளிக். ஆனால் கோட்டுக்குள் இருப்பது பிக்சல் இல்லை, குடும்பங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. பழைய வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பல கிலோமீட்டர் தள்ளிப் போயின. அந்தப் பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில்!

அதே கேள்வியைச் சதுப்பு நிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் சுருங்கிப்போய், மிச்சம் இருந்த பகுதி 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. சுருங்கிய இடத்தில் எழுந்த பெரிய கட்டடங்கள் உங்கள் ஆற்றங்கரை பஃபருக்குள் வரவே வராது. ஆற்றுக்கு மட்டும் கோடு போடுவதும், சதுப்புக்குப் போடாமல் விடுவதும் சாஃப்ட்வேர் எடுத்த முடிவு இல்லை. நாம் எடுத்தது. லான்ட்சாட் படங்கள் 2008-லிருந்து எல்லோருக்கும் இலவசம். பழைய வருடத்துப் படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ரெண்டு பக்கத்தையும் அளந்து காட்டலாமே.

நேரில் போய்ச் சேகரித்த டேட்டாவிலும் கவனம் வேண்டும். யார் வீட்டில் டெங்கு, யார் வீட்டுக்குப் பட்டா இல்லை என்பதையெல்லாம் வீட்டு அளவில் புள்ளி வைத்து வெளியிடாதீர்கள். தெரு அளவில் சேர்த்துக் காட்டினாலே உங்கள் வாதம் நிற்கும். நம்மை நம்பி வாசலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர்கள் அவர்கள்.

சப்மிட் பண்ணும் முன் ஒரு செக்

* என் கேள்வியை 'ஜி.ஐ.எஸ்.' என்ற வார்த்தையே இல்லாமல் ஒரே வரியில் அம்மாவிடம் சொல்ல முடியுமா?

* தூரத்தை ஆள் நடக்கிற வழியில் அளந்தேனா, காக்கா பறக்கிற வழியில் அளந்தேனா?

* எல்லா லேயரும் ஒரே மண்டலத்தில், மீட்டரில் இருக்கிறதா? எல்லைகள் எந்த வருடத்தவை?

* டேட்டாவின் பிழை, நான் தேடுகிற வித்தியாசத்தைவிடப் பெரியதா?

* மேப்பில் பச்சையாக ஓர் இடம், சிவப்பாக ஓர் இடம், வெற்றாக ஓர் இடம். மூன்றுக்கும் நேரில் போனேனா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தைரியமாக பைண்டிங்குக்குக் கொடுங்கள். கலர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. ப்ராஜெக்ட் முடிந்ததும் அந்த மேப்பை டிபார்ட்மென்ட் அலமாரியில் தூங்க விடாதீர்கள். ஒரு காப்பி எடுத்து வார்டு கவுன்சிலர் ஆபீஸில் கொடுங்கள். நடந்து கண்டுபிடித்த சந்துகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடுங்கள். அடுத்த வருடம் அதே ஏரியாவை எடுக்கிற ஜூனியருக்கு சர்வீஸ் ஏரியா சரியாக வரும். வழிகேட்டு வரும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் அந்தச் சந்து கண்ணில் படும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கிளம்பிடுங்க மக்களே. பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. டேப், நோட்டு, தண்ணி பாட்டில் மறக்காதீங்க!

அடுத்த வாரம் பார்க்கலாமா? பை!